ஆந்த்ரோபாலஜிய மேஜரா எடுக்கலாமா, மைனர் போதுமா?

பிளஸ் டூ பயாலஜி குரூப் முடிச்சிருக்கீங்க, நீட் எழுத மனசில்ல, மனுஷங்கள பத்தின படிப்பு வேணும், ஆந்த்ரோபாலஜிய மெயினா எடுக்குறதா இல்ல வேற ஒரு டிகிரி சேந்துட்டு இத மைனரா வச்சுக்குறதா, அப்பா வேற "அத படிச்சா என்ன வேலை கிடைக்கும்"னு கேக்குறாரு. இதானே உங்க கேள்வி. நான் இதுல எம்ஏ பண்ணிட்டு இப்ப பப்ளிக் ஹெல்த் பக்கம் வேலை பாக்குறவ, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

என் பதில முதல்லயே சொல்லிடறேன். மேஜரா மைனராங்கறது ரெண்டாவதா கேக்க வேண்டிய கேள்வி. முதல்ல கேக்க வேண்டியது, நீங்க சேரப்போற இடத்துல ஃபீல்டுவொர்க் (மக்கள் இருக்குற இடத்துக்கே போய், பாத்து, கேட்டு எழுதுறது) இருக்கா, இருந்தா எத்தன நாள், எந்த டீச்சர் கூட வருவாங்க, திரும்பி வந்ததும் நீங்க எழுதுனத யாராவது உக்காந்து வரி வரியா படிச்சு திருத்துவாங்களா. இது இருக்குற இடத்துல மைனரா படிச்சாலும் நீங்க ஆந்த்ரோபாலஜி கத்துக்குவீங்க. இது இல்லாத இடத்துல மூணு வருஷம் மேஜரா உக்காந்து கோல்டு மெடல் வாங்கினாலும் கையில நோட்ஸ் மட்டும்தான் இருக்கும். மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

சரி, உள்ள என்னதான் படிப்போம்? தமிழ்ல மானிடவியல்னு சொல்றோம். அமெரிக்கால போனா நாலு பிரிவு, பண்பாடு, உடம்பு (அதாவது பரிணாமம், மரபணு, எலும்பு), தொல்லியல், மொழி. அங்க யூஜி பண்ற பசங்க பொதுவா நாலுலயும் ஒரு கை வச்சுட்டுதான் ஒண்ணுல ஆழமா போவாங்க. இங்கிலாந்துல பல யூனிவர்சிட்டில சோஷியல் ஆந்த்ரோபாலஜி மட்டும் தனி டிகிரி. நம்ம நாட்டுல உடம்பு, சமூகம், தொல்லியல் மூணும் ஒரே பாடத்துல வரும், அதனாலதான் டெல்லி, கல்கத்தா மாதிரி இடங்கள்ல இது பிஎஸ்சி டிகிரி. பயாலஜி குரூப் படிச்ச உங்களுக்கு இது நல்ல விஷயம், நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது, ஆர்ட்ஸ் சப்ஜெக்ட்னு நெனச்சுட்டு பயாலஜி பசங்க இந்தப் பக்கமே திரும்பிப் பாக்க மாட்டேங்குறாங்க.

முதல் வருஷத்துலயே உறவுமுறைன்னு ஒரு பாடம் வரும். எல்லாருக்கும் போரடிக்கிற பாடம்னு பேரு, ஆனா தமிழ்ப் பசங்களுக்கு மட்டும் அது போரடிக்கவே கூடாது, ஏன்னு சொல்றேன். லூயிஸ் ஹென்றி மார்கன்னு நியூயார்க் மாகாணத்துல ஒரு வக்கீல், பக்கத்துல இருந்த இரோக்வா பழங்குடி மக்கள் எப்படி உறவு சொல்லிக் கூப்புடுறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணாரு. அப்பாவோட தம்பியும் அப்பா மாதிரிதான், அம்மாவோட தங்கச்சியும் அம்மா மாதிரிதான், அவங்க பிள்ளைங்க எல்லாம் அண்ணன் தங்கச்சி, ஆனா அம்மாவோட தம்பி பிள்ளையும் அப்பாவோட தங்கச்சி பிள்ளையும் வேற கணக்கு. வெள்ளக்காரங்களுக்கு இது புரியவே இல்ல, அவங்களுக்கு எல்லாரும் ஒரே கசின். மார்கன் கேள்வித்தாள் ஒண்ணு தயார் பண்ணி உலகம் பூரா அனுப்புனாரு, தமிழ்நாட்டுல இருந்த மிஷனரிங்க மூலமா தமிழ் உறவுமுறையும் அவர் கைக்குப் போச்சு. பாத்தா ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கு! பூமியோட அந்தக் கோடியில இருக்குற மக்களும் நம்மளும் சொந்தக்காரங்கள ஒரே மாதிரி பிரிக்கிறோம். 1871ல வந்த அவரோட பெரிய புத்தகத்துல தமிழ் உறவுமுறைக்கு முக்கியமான இடம் உண்டு. ரெண்டும் முழுசா ஒண்ணு இல்ல, தூரத்து கசின்ஸ் விஷயத்துல வேற வேற கணக்குன்னு ரொம்ப வருஷம் கழிச்சுதான் கண்டுபிடிச்சாங்க, ஆனா அதுக்குள்ள திராவிட உறவுமுறைன்னு ஒரு வகை உலக அளவுல நிலைச்சுடுச்சு, இன்னிக்கு அமேசான் காட்டுல இருக்குற சில மக்களோட உறவுமுறைய விளக்கவும் அந்தப் பேரத்தான் சொல்றாங்க. பங்காளி யாரு, மாமன் மச்சான் யாரு, யாரை கட்டிக்கலாம், யாரை கட்டிக்கக் கூடாதுன்னு உங்க பாட்டி யோசிக்காம சொல்றது ஒரு துறையோட அடிப்படைப் பாடம். அத கிளாஸ்ல உக்காந்து முக்கோணம் போட்டா ஆண், வட்டம் போட்டா பெண்ணுன்னு வரைபடமா வரையும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அத அனுபவிச்சாதான் தெரியும்.

அந்த வரைபட முறையும் நம்ம பக்கத்தோட சம்பந்தப்பட்டதுதான். ரிவர்ஸ்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர், 1898ல ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கினிக்கும் நடுவுல இருக்குற டாரஸ் ஜலசந்திக்குப் போன கேம்பிரிட்ஜ் குழுவுல இருந்தவரு, அங்க குடும்ப வம்சாவளி கேட்டு எழுதுற முறைய உருவாக்கி, அப்புறம் நீலகிரிக்கு வந்து தோடர்கள் கிட்ட அதையே விரிவா பண்ணாரு. 1906ல புத்தகமா வந்துச்சு. மொழிபெயர்ப்பாளர வச்சுக்கிட்டு கொஞ்ச மாசம் மட்டும் இருந்து பண்ண வேலைங்கற குறை அதுல உண்டு, அதையும் கிளாஸ்ல பேசுவாங்க, பேசணும்.

இப்ப பிராக்டிக்கல் பத்தி. பிஎஸ்சி-ல சேந்தா லேப் உண்டு. மண்டையோட்ட அளக்கணும், உயிரோட இருக்குற ஆளுங்கள உயரம், தலை, மூக்குன்னு காலிப்பர்ங்கற அளவுக் கருவிய வச்சு அளக்கணும், கைரேகை எடுக்கணும், ரத்த வகை பாக்கணும். இத வெறும் செய்முறையா கத்துக்கிட்டு போயிடாதீங்க. அந்தக் காலிப்பருக்கும் அந்த மை பேடுக்கும் பின்னாடி ஒரு கத இருக்கு, அத சொல்லித் தராத டிபார்ட்மென்ட் பாதிதான் சொல்லித் தருது.

எக்மோர் மியூசியத்துக்கு 1885ல இருந்து 1908 வரைக்கும் சூப்பரின்டெண்டா இருந்தவரு எட்கர் தர்ஸ்டன். தென்னிந்திய சாதிகள், பழங்குடிகள் பத்தி ரங்காச்சாரியோட சேந்து 1909ல ஏழு தொகுதி போட்டாரு, இன்னிக்கும் அதத்தான் ஆளாளுக்கு எடுத்துக்காட்டுறாங்க. அவர் ஆளுங்கள நிக்க வச்சு தலையையும் மூக்கையும் அளந்தாரு. அதே காலத்துல ரிஸ்லின்னு ஒரு அதிகாரி, 1901 சென்சஸ் கமிஷனர், மூக்கோட அகலத்துக்கும் சாதி அந்தஸ்துக்கும் நேரடி சம்பந்தம் இருக்குன்னே எழுதுனாரு. மக்கள வகை பிரிச்சு பட்டியல் போடுற அந்த மனசு புத்தகத்தோட நின்னுடல. 1871ல போட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911ல சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு, நம்ம ஊர்ல கைரேகைச் சட்டம்னே அதுக்குப் பேரு. ஒரு சாதியில பொறந்ததுக்காகவே கைரேகை கொடுத்து போலீஸ் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும். 1920 ஏப்ரல் 3 அன்னைக்கு உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர்ல அத எதுத்து நின்ன பிரமலைக் கள்ளர் மக்கள் மேல துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்ப் பலி ஆச்சு. லேப்ல உங்க விரல்ல மை தடவும்போது இது உங்க ஞாபகத்துல இருக்கணும்.

ஆனா இதே காலிப்பர வச்சுதான் அந்தக் கருத்த உடைச்சதும் நடந்துச்சு. ஃபிரான்ஸ் போவாஸ், ஜெர்மனில ஃபிசிக்ஸ்ல டாக்டரேட் வாங்குன மனுஷன், 1883ல வட துருவப் பக்கம் பாஃபின் தீவுல இனுயிட் மக்களோட இருந்துட்டு மொத்தமா இந்தப் பக்கம் வந்துட்டாரு, அமெரிக்க ஆந்த்ரோபாலஜிய கொலம்பியா யூனிவர்சிட்டில கட்டி எழுப்புனவரு. நியூயார்க்குக்கு குடியேறி வந்தவங்க பிள்ளைங்க ஆயிரக்கணக்கானவங்களோட தலைய அளந்து, இனத்துக்கு இனம் மாறாம இருக்கும்னு எல்லாரும் சத்தியம் பண்ண தலை வடிவம், அமெரிக்கால பொறந்த பிள்ளைங்களுக்கு மாறுதுன்னு காட்டுனாரு. ஒரே கருவி, ஒருத்தர் மக்கள கூண்டுக்குள்ள அடைக்க வச்சுக்கிட்டாரு, இன்னொருத்தர் கூண்ட உடைக்க வச்சுக்கிட்டாரு. இந்த வரலாறு முழுசையும் மறைக்காம சொல்லித் தர்ற டீச்சர் கிடைச்சா அவங்கள விடாதீங்க.

இது பழைய கதை இல்லங்க, இப்பவும் நடக்குது. இலங்கைல இருந்து எடுத்துட்டுப் போன, அங்க உள்ள வேடர் பழங்குடி மக்களோட ஒன்பது மண்டையோடுகள எடின்பரோ யூனிவர்சிட்டி 2019லதான் அவங்க தலைவர் கையில திருப்பிக் கொடுத்துச்சு. அந்தமான்ல நம்ம ஆந்த்ரோபாலஜிக்கல் சர்வே (மத்திய அரசோட மானிடவியல் ஆராய்ச்சி அமைப்பு) ஆளுங்க 1991 ஜனவரில வட சென்டினல் தீவு மக்கள தேங்காய் கொடுத்து சந்திச்சாங்க, அந்தக் குழுவுல மதுமாலா சட்டோபாத்யாய்னு ஒரு இளம் பெண் ஆராய்ச்சியாளர் இருந்தாங்க, சண்டை இல்லாம நடந்த முதல் சந்திப்பு அதுதான்னு சொல்வாங்க. அதுக்கு அப்புறம் சில வருஷத்துலயே, நம்மளால அவங்களுக்கு நோய் வரும், அவங்கள அவங்க பாட்டுக்கு விட்டுடறதுதான் சரின்னு அரசாங்கம் அந்தப் பயணங்கள நிறுத்திடுச்சு. போய்ப் பாக்கணும்ங்கற ஆசையும், போகக் கூடாதுங்கற தெளிவும், ரெண்டும் ஒரே துறைக்குள்ளதான் இருக்கு.

இப்ப ஃபீல்டுவொர்க். நான் ஏன் அத இவ்ளோ புடிச்சுக்கிட்டு இருக்கேன்னா, மத்த எல்லாத்தையும் நீங்க வீட்ல உக்காந்து படிச்சுக்கலாம், இத மட்டும் முடியாது. மலினோவ்ஸ்கின்னு ஒரு ஆந்த்ரோபாலஜிஸ்ட் முதல் உலகப் போர் நேரத்துல நியூ கினி பக்கம் டிரோபிரியாண்ட் தீவுகள்ல தங்கி, அங்க உள்ள பாஷையையே கத்துக்கிட்டு, கிராமத்துக்குள்ளயே கூடாரம் போட்டு இருந்தாரு. அங்க குலான்னு ஒரு பரிமாற்றம். சங்கு சிப்பியில செஞ்ச மாலை ஒரு திசையில தீவு தீவா சுத்தி வரும், கைவளை எதிர் திசையில சுத்தும். யாரும் நிரந்தரமா வச்சுக்க முடியாது, கொடுத்தே ஆகணும், ஆனா யார் கிட்ட வாங்கினோம் யாருக்கு கொடுத்தோம்ங்கறதுலதான் மரியாதையே இருக்கு. இத படிக்கிற தமிழ்ப் பசங்க யாருக்கா இருந்தாலும் உடனே மொய் ஞாபகம் வரணும்.

அதனால உங்களுக்கு ஒரு வேலை கொடுக்குறேன், இந்த லீவுலயே பண்ணிப் பாருங்க, சேரலாமா வேணாமான்னு இதுலயே உங்களுக்குத் தெரிஞ்சுடும். வீட்ல பழைய மொய் நோட்டு இருக்கும், அக்கா கல்யாணத்துதோ, காதுகுத்துதோ, சடங்குதோ. அத எடுங்க. முதல்ல வெறும் கண்ணால பாருங்க, பேர் எந்த வரிசையில எழுதியிருக்கு, ஊர் பேர் முன்னாடி வருதா ஆள் பேர் முன்னாடி வருதா, பொம்பளைங்க பேர்ல எத்தன மொய் இருக்கு, தாய்மாமன் செய்முறை அந்த நோட்டுல ஏறியிருக்கா இல்ல தனியா நடந்துச்சா. அப்புறம் அம்மாவோட உக்காந்து ஒரு இருபது பேர மட்டும் எடுத்து, இவங்க யாரு, இவங்களுக்கு நாம முன்னாடி எவ்ளோ வச்சோம், இவங்க எவ்ளோ திருப்பி வச்சாங்க, கூட்டி வச்சாங்களா, வைக்காம விட்டவங்க யாரு, அவங்களோட இப்ப பேச்சுவார்த்தை இருக்கான்னு கேளுங்க. அம்மா சொல்றத சுருக்கி எழுதாதீங்க, அவங்க எந்த வார்த்தைல சொல்றாங்களோ அதே வார்த்தைல எழுதுங்க, எந்த இடத்துல குரல் தாழுதோ, எந்த இடத்துல "அத எழுதாத"ன்னு சொல்றாங்களோ அதையும் குறிச்சுக்கோங்க, எழுத வேணாம்னு சொன்னத எழுதாதீங்க. அன்னைக்கு ராத்திரியே நோட்ஸ விரிவா எழுதிடுங்க, ரெண்டு நாள் போனா பாதி மறந்து, மீதிய நம்மளே கற்பனை பண்ணிடுவோம்.

இதையே பெருசா பாக்கணும்னா ஆடி மாசம் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து நடக்கும், கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாம மொய்க்குன்னே பந்தல் போட்டு கறிச்சோறு போட்டு பல பேர் சேந்து நடத்துவாங்க, எழுதுறதுக்கு தனித்தனி டேபிள், வந்த பணத்துல ஒருத்தர் போர்வெல் போடுவாரு, இன்னொருத்தர் பிள்ளை ஃபீஸ் கட்டுவாரு, அடுத்தடுத்த வருஷங்கள்ல திருப்பி வச்சே ஆகணும். வட்டி இல்ல, பத்திரம் இல்ல, ஆனா பேங்க் லோன விட கண்டிப்பா திரும்பி வரணும்னு எதிர்பார்ப்பு. எப்படி? மார்செல் மோஸ்னு ஒரு ஃபிரெஞ்சுக்காரர் 1925ல இதே கேள்வியத்தான் கேட்டாரு, வாங்குன பரிச திருப்பிக் கொடுக்க வைக்கிற சக்தி எதுன்னு. அவர் டிரோபிரியாண்டையும் பசிபிக்கையும் வட அமெரிக்காவையும் வச்சு எழுதுனாரு, நீங்க புதுக்கோட்டைய வச்சு எழுதலாம். யூஜி மாணவி ஒருத்தரால தாராளமா பண்ணக்கூடிய ப்ராஜெக்ட் இது, பெரிய காசு வேணாம், தூர தேசம் போக வேணாம். இந்த வேலைய பண்ணும்போது உங்களுக்கு நேரம் போனதே தெரியலன்னா தயங்காம சேருங்க. இருபது பேர் கதைய கேக்குறதுக்குள்ள அலுப்பு தட்டிடுச்சுன்னா மைனரோட நிறுத்திக்கோங்க, அதுல தப்பே இல்ல.

சரி இப்ப மேஜர் மைனருக்கு வருவோம். மேஜரா எடுக்க வேண்டியவங்க யாருன்னா, ஆராய்ச்சிக்கோ, மியூசியத்துக்கோ, சர்வேக்கோ, எலும்பு மரபணு பக்கமோ போகணும்னு ஓரளவு தெரிஞ்சவங்க. கீழடி பக்கத்துல கொந்தகை முதுமக்கள் தாழிகள்ல கிடைச்ச எலும்புகள மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபணு ஆளுங்க ஆராய்ச்சி பண்றது நியூஸ்ல பாத்திருப்பீங்க, அந்த மாதிரி வேலைக்கு பயாலஜியும் தொல்லியலும் சேந்த அடிப்படை வேணும், அத சின்ன வயசுலயே புடிச்சாதான் நல்லது.

மைனரா எடுக்க வேண்டியவங்க, வேற ஒரு தொழில் கையில வச்சுக்கிட்டு அத மனுஷங்களோட சேத்துப் பாக்கணும்னு நெனைக்கிறவங்க. என் துறைல இருந்தே சொல்றேன். பப்புவா நியூ கினில ஃபோரே மக்கள் கிட்ட குரு-ன்னு ஒரு நோய், உடம்பு நடுங்கி நடுங்கி செத்துப்போவாங்க, அதுலயும் பெரும்பாலும் பொம்பளைங்களும் பிள்ளைங்களும். மரபு நோய்னு முதல்ல நெனச்சாங்க. 1961ல இருந்து அங்க தங்குன ஷெர்லி லிண்டன்பாமும் ராபர்ட் கிளாஸும், ரெண்டு பேரும் ஆந்த்ரோபாலஜிஸ்ட், வம்சாவளி எழுதி, யார் எப்ப செத்தாங்க, சாவு சடங்குல யார் என்ன சாப்டாங்கன்னு பொறுமையா கேட்டு, செத்தவங்க உடல சாப்புடுற வழக்கம் அங்க ரொம்பப் பழசு இல்ல, அது பரவுன வழியும் நோய் பரவுன வழியும் ஒத்துப்போகுதுன்னு காட்டுனாங்க. இது தொத்துற நோய்னு லேப்ல காட்டுனவருக்கு 1976ல நோபல் கிடைச்சுது, ஆனா பொம்பளைங்களுக்கு ஏன் அதிகமா வருதுங்கற முடிச்ச அவுத்தது வீடு வீடா போய் சொந்தம் கேட்டவங்கதான். 2014ல மேற்கு ஆப்பிரிக்கால எபோலா வந்தப்பவும் அதே கதைதான், சவத்த குளிப்பாட்டுறதும் தொட்டு அழறதும் நோய பரப்புதுன்னு சவத்த அதிகாரிங்க தூக்கிட்டுப் போனா மக்கள் நோயாளிய ஒளிச்சு வச்சாங்க, குடும்பம் தூர நின்னு பாக்கலாம், பிரார்த்தனை பண்ணலாம்னு மரியாதையான அடக்க முறைய கொண்டு வந்ததுல ஆந்த்ரோபாலஜிஸ்டுங்க பங்கு உண்டு. பால் ஃபார்மர் டாக்டருக்குப் படிக்கறதுக்கு முன்னாடி யூஜில மெடிக்கல் ஆந்த்ரோபாலஜி படிச்சவரு, ஹைட்டில ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டுனவரு. நர்சிங், பப்ளிக் ஹெல்த், ஆர்க்கிடெக்சர், டிசைன், ஜர்னலிசம், சட்டம், இதுல எது படிச்சாலும் கூட மைனரா இது இருந்தா நீங்க பாக்குற பார்வையே மாறிடும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கூட சேத்தும் படிக்கிறாங்க. ஜெராக்ஸ் கம்பெனியோட ஆராய்ச்சி மையத்துல லூசி சச்மேன்னு ஒரு ஆந்த்ரோபாலஜிஸ்ட் 80கள்ல போய், மெஷின் முன்னாடி நிக்கிற ஆளுங்க நிஜமா என்ன பண்றாங்கன்னு வீடியோ எடுத்துப் பாத்தாங்க, படிச்ச பெரிய விஞ்ஞானிங்களே காப்பி எடுக்கத் தடுமாறுனாங்க. இன்டெல்ல ஜெனிவீவ் பெல்னு இன்னொரு ஆந்த்ரோபாலஜிஸ்ட் 1998ல சேந்தாங்க. இப்ப நம்ம பெங்களூர், சென்னை கம்பெனிங்கள்ல யூசர் ரிசர்ச்சர்னு (ஒரு பொருள மக்கள் எப்படி பயன்படுத்துறாங்கன்னு ஆராயுறவங்க) போடுற வேலை இந்த வழில வந்ததுதான், ஆனா அதுக்கு ஆந்த்ரோபாலஜி பட்டம்னு மட்டும் போட்டா பத்தாது, நீங்க பண்ண ப்ராஜெக்ட காட்டணும்.

எங்க படிக்கலாம்? தமிழ்நாட்டுல யூஜில இதுக்குன்னு தனி டிகிரி கிடைக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம், இது எனக்கு பெரிய வருத்தம், ஏன்னா பல்லாவரத்துல ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ல கற்கோடாலி எடுத்த மண்ணு, அதிரம்பாக்கத்துல பல லட்சம் வருஷப் பழைய கல் கருவி கிடைக்கிற மண்ணு, 37 பட்டியல் பழங்குடிகள் வாழுற மாநிலம், இங்க பதினெட்டு வயசுப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு சுலபமா கிடைக்கல. மெட்ராஸ் யூனிவர்சிட்டிலயும் பாண்டிச்சேரி யூனிவர்சிட்டிலயும் எம்ஏ இருக்கு, நிறைய இடத்துல எம்ஏ-வுக்கு எந்த டிகிரி முடிச்சவங்களையும் எடுத்துக்குறாங்க, அதனால இங்கயே இருக்கணும்னா சோஷியாலஜியோ, வரலாறோ, உயிரியலோ படிச்சுட்டு எம்ஏ-வுல மாறலாம், நிறைய பேர் வந்த வழி அதுதான். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலுக்குப் பேர் போனது, அதுவும் இதுக்கு நெருங்கின சொந்தம்தான்.

வெளிய போகத் தயார்னா கல்கத்தா யூனிவர்சிட்டிதான் இந்தியாலயே இதுக்கு முதல் டிபார்ட்மென்ட் ஆரம்பிச்ச இடம், 1920ல. அங்க உள்ள காலேஜ்கள்ல யூஜியும் உண்டு. டெல்லில ஹன்ஸ்ராஜ் காலேஜ்ல பிஎஸ்சி ஆனர்ஸ் இருக்கு, க்யூட் நுழைவுத் தேர்வு எழுதணும், எந்தப் பாடம் கேக்குறாங்கன்னு அந்த வருஷ நோட்டிஃபிகேஷன்ல பாத்துக்கோங்க, சயின்ஸ் குரூப் உங்களுக்கு கை கொடுக்கும். அசோகா மாதிரி தனியார் யூனிவர்சிட்டில சோஷியாலஜியும் ஆந்த்ரோபாலஜியும் சேந்த மேஜர் இருக்கு, மைனராவும் எடுக்கலாம், ஃபீஸ் ரொம்ப அதிகம், ஸ்காலர்ஷிப் இல்லாம யோசிக்காதீங்க. வீட்ட விட்டு அனுப்ப மாட்டேங்குறாங்க, காசும் இல்லன்னா இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துல பிஎஸ்சி ஆனர்ஸ் ஆந்த்ரோபாலஜி தபால் வழில இருக்கு, ஆனா அதுல நான் சொன்ன அந்தத் திருத்திக் கொடுக்குற டீச்சர் கிடைக்க மாட்டாங்க, அந்தக் குறைய நீங்களே யாரையாவது புடிச்சு நிரப்பணும்.

எங்க அப்ளை பண்ணாலும் அதுக்கு முன்னாடி அந்த டிபார்ட்மென்ட்ல ரெண்டாவது மூணாவது வருஷம் படிக்கிற யாரையாவது தேடிப் புடிச்சு பேசுங்க. போன தடவ ஃபீல்டுக்கு எங்க போனீங்க, எத்தன நாள், செலவு யாரு, ரிப்போர்ட்ட குரூப்பா எழுதுனீங்களா தனித்தனியாவா, சார் என்ன திருத்துனாருன்னு கேளுங்க. "பஸ்ல போனோம், ஃபோட்டோ எடுத்தோம், சீனியர் ரிப்போர்ட்ட பாத்து எழுதுனோம்"னு பதில் வந்தா அது எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் ரெண்டு தடவ யோசிங்க.

ஃபீல்டு ட்ரிப் எவ்ளோ ஆழமா போகும்ங்கறதுக்கு ஒரு தமிழ் ஆள் கதையே இருக்கு. ஸ்டான்லி தம்பையா, யாழ்ப்பாணத்துக் குடும்பம், சிலோன் யூனிவர்சிட்டில யூஜி முடிச்சு அமெரிக்கால கார்னெல்ல டாக்டரேட் வாங்கிட்டு திரும்பி வந்து பாடம் எடுத்தாரு. 1956ல சிங்கள, தமிழ் மாணவர்களக் கூட்டிக்கிட்டு இலங்கையோட கிழக்குப் பக்கம் கல்லோயா குடியேற்றப் பகுதிக்கு சர்வே எடுக்கப் போனப்பதான் அங்க தமிழர்களுக்கு எதிரா கலவரம் வெடிச்சுது. அப்புறம் அவர் தாய்லாந்துல பல வருஷம் ஆராய்ச்சி பண்ணாரு, ஹார்வர்ட்ல பேராசிரியர் ஆனாரு, 1983க்கு அப்புறம் இலங்கை இன வன்முறை பத்தி எழுதுனாரு. உலகத்துல எந்த ஆந்த்ரோபாலஜி டிபார்ட்மென்ட் போனாலும் அவர் பேரு தெரியும், நம்ம ஊர்லதான் தெரியல.

கடைசியா அப்பாவோட கேள்வி, வேலை. மழுப்பாம சொல்றேன், டிகிரி முடிச்ச கையோட கேம்பஸ்ல வந்து அள்ளிட்டுப் போற படிப்பு இது இல்ல. மேல எம்ஏ கட்டாயம் பண்ணணும்னு வச்சுக்கோங்க, அஞ்சு வருஷக் கணக்கு. அதுக்கு அப்புறம் ஆந்த்ரோபாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா இருக்கு, 1945ல ஆரம்பிச்சது, தலைமை கல்கத்தால, தென்னிந்திய மையம் மைசூர்ல, 1985ல ஆரம்பிச்ச அவங்களோட பீப்பிள் ஆஃப் இந்தியா ப்ராஜெக்ட்ல 4,635 சமூகங்கள பதிவு பண்ணாங்க. ஆனா போஸ்டிங் அடிக்கடி வராது, அத மட்டும் நம்பி இருக்க வேணாம். மாநில பழங்குடி ஆராய்ச்சி மையம் ஊட்டில இருக்கு, எக்மோர் மியூசியத்துல ஆந்த்ரோபாலஜி பிரிவே இருக்கு, பப்ளிக் ஹெல்த் ப்ராஜெக்டுகள், என்ஜிஓ, பழங்குடி நலம், வன உரிமை சட்டம் சம்பந்தப்பட்ட வேலை, யூசர் ரிசர்ச், டீச்சிங், இதெல்லாம் நிஜமா ஆளுங்க வேலை பாக்குற இடங்கள். ஆரம்ப சம்பளம் ஐடி மாதிரி இருக்காது, அதையும் அப்பா கிட்ட மறைக்காதீங்க.

யூபிஎஸ்சி-க்காக எடுக்கலாமான்னு கண்டிப்பா யாராவது சொல்வாங்க. ஆந்த்ரோபாலஜி அந்தப் பரீட்சைல நாமளே தேர்ந்தெடுக்குற விருப்பப் பாடத்துல (ஆப்ஷனல்) பிரபலமானதுதான், ரெண்டு பேப்பர், மொத்தம் 500 மார்க், ஆனா அத எடுக்க டிகிரி அதுல இருக்கணும்னு அவசியமே இல்ல, இன்ஜினியரிங் முடிச்சவங்கதான் நிறைய பேர் எடுக்குறாங்க. அதனால அதுக்காக மட்டும் மூணு வருஷம் போடாதீங்க. புடிச்சுப் படிச்சா அது கூடுதல் லாபம், அவ்ளோதான்.

உங்க நிலைமைல நான் இருந்தா என்ன பண்ணுவேன்னு கேட்டா, டெல்லிக்கோ கல்கத்தாவுக்கோ போக வீட்ல சம்மதிச்சா மேஜரா எடுத்து, கூட ஸ்டாட்டிஸ்டிக்ஸோ மேப் போடுற ஜிஐஎஸ்ஸோ ஏதாவது ஒண்ண கண்டிப்பா சேத்துக்குவேன், ஏன்னா கேக்கவும் எழுதவும் தெரிஞ்சு கூடவே கணக்கும் போடத் தெரிஞ்ச ஆளுக்கு ஹெல்த் ப்ராஜெக்ட்ல உடனே இடம் கிடைக்குது, நானே இன்டர்வியூ எடுக்கும்போது அததான் தேடுறேன். சம்மதிக்கலன்னா இங்கயே பயாலஜி இல்ல சைக்காலஜி இல்ல சோஷியாலஜி சேந்து, எம்ஏ-வுல மாறுறதுக்கு இப்பவே திட்டம் போடுவேன். புத்தகமெல்லாம் இங்கிலீஷ்லதான் இருக்கும், பயப்படாதீங்க, மானிடவியல் அறிஞர் பக்தவத்சல பாரதி தமிழ்லயே நிறைய எழுதியிருக்காரு, அத முதல்ல படிச்சுட்டு இங்கிலீஷுக்குப் போனா சுலபமா ஏறும். ஃபீல்டு நோட்ஸ மட்டும் தமிழ்லயே எழுதுங்க, மக்கள் பேசுனது தமிழ்ல இருக்கும்போது அத அப்பவே இங்கிலீஷாக்கினா பாதி போயிடும். மொய் நோட்டு வேலைய முடிச்சதும் பேர் எல்லாம் மாத்திட்டு ஒரு நாலு பக்கம் எழுதுங்க, அட்மிஷன் இன்டர்வியூ இருந்தா அத கையோட எடுத்துட்டுப் போங்க.